சிதறிக் கிடப்பதெல்லாம் அமைப்பற்றதா?

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் இந்தியப் பொருளாதாரப் பாடத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதி வரும்போது கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிப்பேன். இடப்பக்கம் 'ஆர்கனைஸ்டு செக்டார்'. வலப்பக்கம் 'அன்ஆர்கனைஸ்டு செக்டார்'. தமிழில் அமைப்புசார்ந்த துறை, அமைப்புசாராத் துறை. இடப்பக்கத்தில் விக்கிரமசிங்கபுரம் நூற்பாலை, அரசு அலுவலகங்கள், வங்கிகள் என்று நான்கைந்து வரிகளில் பட்டியல் முடிந்துவிடும். வலப்பக்கத்தில் முக்கூடல் பீடி, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், வீரவநல்லூர்க் கைத்தறி, காருகுறிச்சி மண்பாண்டம், கட்டட வேலை என்று எழுதிக்கொண்டே போவேன். பலகையில் இடம் போதாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே வரும்.

ஒருமுறை வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "சார், எங்க அம்மா பீடி சுத்துறாங்க. இலையை எடை போட்டுத்தான் குடுக்காங்க. தூளையும் எடை போட்டுத்தான் குடுக்காங்க. ஒரு கட்டு கொறஞ்சாலும் கணக்குக் கேக்காங்க. இதுல அமைப்பு இல்லன்னு எதைச் சொல்லுதீங்க?" என்று கேட்டார்.

அன்று நான் சொன்னது பாடநூலில் இருந்த பதில். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள், பதிவு பெறாத நிறுவனங்கள், சமூகப் பாதுகாப்பு இல்லாத வேலைகள் என்று இலக்கணம் கூறி அனுப்பிவிட்டேன். தேர்வுக்கு அந்தப் பதில் போதும். அவருடைய கேள்விக்கு அது போதாது என்பது எனக்கு வெகு காலம் கழித்தே உறைத்தது. பாதிக்கும் மேற்பட்ட உழைப்பாளர்களை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டு, அந்தச் சொல் எதை மறைக்கிறது என்று கேட்காமலே நாம் பழகிவிட்டோம்.

ஒரு சொல், மூன்று பொருள்

'அன்ஆர்கனைஸ்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பொருள்கள் குடியிருக்கின்றன. முதலாவது, தொழிற்சங்க வரலாற்றிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் 'ஆர்கனைஸ்டு லேபர்' என்றால் சங்கமாகத் திரண்ட தொழிலாளர்கள் என்று பொருள். ஆகவே, 'அன்ஆர்கனைஸ்டு' என்றால் சங்கமாகத் திரளாதவர்கள். நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான முதலாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969இல் அளித்த அறிக்கை ஏறத்தாழ இந்தப் பொருளில்தான் இச்சொல்லை ஆண்டது. பொது நோக்கத்துக்காக ஒன்றுதிரள முடியாதவர்கள் என்று அவர்களைக் குறிப்பிட்ட அந்த அறிக்கை, ஏன் திரள முடியவில்லை என்பதற்கான காரணங்களையும் அடுக்கியது. நிலையற்ற வேலை, எழுத்தறிவின்மை, நிறுவனங்களின் சிறிய அளவு, அவை சிதறிக் கிடக்கும் தன்மை, தனித்தோ கூட்டாகவோ செயல்படும் முதலாளிகளின் மேலான வலிமை ஆகியவையே அக்காரணங்கள்.

இரண்டாவது, புள்ளிவிவரம் சார்ந்த பொருள். 2004இல் அமைக்கப்பட்ட, அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான தேசிய ஆணையம், தனிநபர்களோ குடும்பங்களோ நடத்துகிற, பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்கிற, நிறுமமாகப் பதிவு பெறாத தனியார் தொழில்களை அமைப்புசாராத் துறை என வரையறுத்தது. பெரிய நிறுவனங்களில் பணியாற்றினாலும் சமூகப் பாதுகாப்பு இல்லாதவர்களையும் அது கணக்கில் சேர்த்துக்கொண்டது. 2004-05ஆம் ஆண்டு நிலவரப்படி இந்திய உழைப்பாளர்களில் சுமார் 92 விழுக்காட்டினர் இவ்வகையினர் என்பது அந்த ஆணையத்தின் கணக்கு.

மூன்றாவது, பேச்சுவழக்கில் ஒட்டிக்கொண்ட பொருள். ஒழுங்கில்லாதது, தாறுமாறானது, யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாதது. ஆங்கிலத்தில் இதைக் குறிக்க 'டிஸ்ஆர்கனைஸ்டு' என்று வேறொரு சொல் இருக்கிறது. ஆயினும் காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழுகின்றன. தமிழாக்கத்திலும் அதே குழப்பம் தொடர்கிறது. அமைப்புசாரா, முறைசாரா, ஒழுங்கமைக்கப்படாத என்று மூன்று மொழிபெயர்ப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் சொல் ஒருவர் எதைச் சார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வேலை நடக்கும் முறையைச் சொல்கிறது. மூன்றாவது, ஏதோ குறைபாடு இருப்பதாகவே சொல்லிவிடுகிறது.

ஆணையம் 1969இல் பட்டியலிட்ட காரணங்களில் இரண்டை மீண்டும் பாருங்கள். 'சிதறிக் கிடக்கும் தன்மை' என்பது ஒன்று. 'முதலாளிகளின் மேலான வலிமை' என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் உறவு உண்டா, சிதறல் தானாக நேர்ந்ததா, அல்லது வலிமையுள்ளவர் சிதற வைத்தாரா என்பதுதான் அந்த மாணவி என்னிடம் கேட்ட கேள்வியின் உட்பொருள்.

ஆறு கற்றுத்தரும் பாடம்

சிதறிக் கிடப்பதற்கும் ஒழுங்கற்றுக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியத் தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இந்த ஆற்றின் குறுக்கே வரிசையாக நிற்கின்றன. இவற்றில் ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சியில் கட்டி முடிக்கப்பட்டது; ஏனையவை அதற்கு வெகு காலம் முந்தியவை. இவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் ஊருக்கு ஊர் குளங்களை நிரப்பி, ஏறத்தாழ 86 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்கு நீர் கொடுக்கின்றன.

உயரத்திலிருந்து பார்த்தால் கால்வாயும் குளமும் மடையும் வாய்க்காலும் துண்டு துண்டு வயல்களுமாகச் சிதறல் மட்டுமே தெரியும். ஆனால், கார் சாகுபடிக்கு எப்போது தண்ணீர் திறப்பது, பிசானத்துக்கு எவ்வளவு விடுவது, எந்தக் குளம் நிரம்பிய பின் எந்தக் குளத்துக்கு நீர் போக வேண்டும், எந்த மடையை யார் திறக்க வேண்டும் என்பவையெல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. தலைமடை, கடைமடை என்ற இரு சொற்களே போதும், இந்தச் சிதறலுக்குள் ஓர் அதிகார வரிசை இருப்பதை அறிய. கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் வராவிட்டால், பாசனம் அமைப்பற்றது என்று நாம் சொல்வதில்லை. மேலே யார் தண்ணீரை மறித்தார் என்றே கேட்கிறோம்.

தொழிலில் மட்டும் அந்தக் கேள்வியை ஏன் கேட்க மறந்தோம்?

பணச் சந்தையைப் பற்றிய பாடத்திலும் இதே மறதி உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கிளைகள் வைத்து, முகவர்களைக் குறித்த தவணைக்கு அனுப்பி, உண்டியல் வழியே கடல் கடந்து பணம் மாற்றி, நுணுக்கமான வட்டிக் கணக்குகளோடு வங்கித் தொழில் நடத்தினார்கள். அவர்களையும் உள்நாட்டு லேவாதேவிக்காரர்களையும் சேர்த்து நமது பாடநூல்கள் 'அமைப்புசாராப் பணச் சந்தை' என்ற தலைப்பின்கீழ்தான் வைத்தன. அங்கே அமைப்பு இல்லாமல் இல்லை. மத்திய வங்கியின் பார்வைக்குள் அது அடங்கவில்லை என்பதே அந்தத் தலைப்பின் உண்மையான பொருள். தன் கண்ணுக்குத் தெரியாததை ஒழுங்கற்றது என்று அதிகாரம் பெயரிட்டது.

சுளகுக்குப் பின்னால் இருக்கும் ஆலை

இனி பீடிக்கு வருவோம். முக்கூடல், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று ஒன்றாக இருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் பல ஊர்களில் தெருத்தெருவாகப் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவதைக் காணலாம். வீட்டுத் திண்ணையிலும் வேப்பமர நிழலிலும் நடக்கும் இந்த வேலையைப் பார்ப்பவருக்கு அது ஏதோ ஓய்வுநேரக் கைவேலை போலத் தோன்றும்.

அந்தச் சுளகிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா போன்ற மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. புகையிலைத் தூள் வேறு மாநிலங்களிலிருந்து வருகிறது. இரண்டையும் வாங்குபவர் முத்திரைக்கு உரிமையாளரான நிறுவனத்தார். அவர் ஒப்பந்ததாரருக்குத் தருகிறார். ஒப்பந்ததாரர் ஊரிலுள்ள பீடிக்கடை வழியாகப் பெண்களுக்கு எடைபோட்டுத் தருகிறார். இலையை ஊறவைப்பதும், தகட்டை வைத்து அளவாக வெட்டுவதும், தூளை நிரப்பிச் சுற்றுவதும், முனையை மடித்து நூல் கட்டுவதும் அந்தப் பெண்ணின் வேலை. கொடுத்த எடைக்கு இத்தனை பீடி வர வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானது. வராவிட்டால், குறையும் இலைக்கு அவர் தன் காசைக் கொடுக்க நேர்கிறது. கொண்டுவந்த பீடியைக் கடையில் பிரித்துப் பார்ப்பார்கள். அளவு சரியில்லை, சுற்று தளர்ந்திருக்கிறது என்றால் கழித்துவிடுவார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதப்படும். பிறகு கட்டுகள் நிறுவனத்துக்குத் திரும்பிச் சென்று, வாட்டப்பட்டு, முத்திரைத் தாள் ஒட்டப்பட்டுச் சந்தைக்குப் போகின்றன.

மூலப்பொருள், வேலை ஒதுக்கீடு, அளவு நிர்ணயம், தரக் கட்டுப்பாடு, கூலிக் கணக்கு, முத்திரை, விற்பனை என ஓர் ஆலையில் இருக்க வேண்டிய அனைத்தும் இங்கே இருக்கின்றன. கூரையும் சுற்றுச்சுவரும் மட்டும் இல்லை. தெருவே ஆலையாகிவிட்டது.

இதைச் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது என்பது பலரும் அறியாத செய்தி. 1966ஆம் ஆண்டின் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்கள் சட்டம் வீட்டில் வேலை செய்பவரையும் தொழிலாளராகவே ஏற்றது. மூலப்பொருள் வழங்குவது, பீடியைக் கழிப்பது, கழித்த பீடிக்குக் கூலி ஆகியவை குறித்த தகராறுகளைத் தீர்ப்பதற்கென்றே அதில் தனிப் பிரிவு இருந்தது. தொழிலின் கழுத்து எங்கே இருக்கிறது என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அச்சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

1977இல் பீடித் தொழில் வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. தத்தம் வீட்டில், தமக்கு வசதியான நேரத்தில் வேலை செய்பவர்கள் எப்படி எங்கள் தொழிலாளர்கள் ஆவார்கள் என்று உற்பத்தியாளர்கள் வாதிட்டார்கள். மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் மேற்பார்வை எங்கே என்பது அவர்களது கேள்வி. 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த விடை பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. தரம் சரியில்லை என்று பீடியைக் கழிக்கும் உரிமையே போதிய மேற்பார்வையும் கட்டுப்பாடும் ஆகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கண்காணிப்பவர் வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டியதில்லை. கழித்துவிடுவார்களோ என்ற அச்சம் சுளகின் எதிரில் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. அந்த மாணவி கேட்டதும் இதையேதான்.

சிதறல் யாருக்கு லாபம்?

அப்படியானால் ஒரே கூரையின்கீழ் நடத்தாமல் ஏன் வீடுவீடாகப் பிரித்துத் தர வேண்டும்? இதே ஆற்றின் மேற்பகுதியில், பாபநாசத்து அருவியின் ஆற்றலை நம்பி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை அமைத்தார்கள். நூற்பு இயந்திரத்தை வீடுவீடாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. இயந்திரம் இருக்கும் இடத்துக்குத் தொழிலாளர் வர வேண்டும். வந்தவர்கள் கூடினார்கள், கூடியவர்கள் சங்கம் அமைத்தார்கள். பீடிக்கு இயந்திரம் இல்லை. ஒரு கத்தரியும் ஒரு சுளகும் போதும். எனவே தொழிலாளரை ஓரிடத்தில் கூட்ட வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

கூட்டாமல் இருப்பதில் ஆதாயமும் உண்டு. இடத்துக்கு வாடகை இல்லை. விளக்கு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் தொழிலாளியின் செலவு. இலை வெட்டவும் முனை மடக்கவும் வீட்டிலுள்ள முதியவர்களும் பிள்ளைகளும் கைகொடுப்பார்கள். அந்த உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. சந்தையில் தேக்கம் வந்தால் ஆள்குறைப்பு அறிவிக்க வேண்டியதில்லை, இலையைக் குறைத்துக் கொடுத்தால் போதும். கைத்தறி நலிந்த ஊர்களிலும் மானாவாரி நிலம் கைகொடுக்காத ஊர்களிலும், வெளியே வேலைக்குச் செல்ல வாய்ப்பில்லாத பெண்கள் ஏராளம். ஆகவே, பீடியை விட்டால் வேறு வழியில்லை என்பதும் நிறுவனத்துக்குச் சாதகம்.

சிதறல் என்பது ஒரு தேர்வே என்பதற்குக் கேரளத்தின் கண்ணூர் தெளிவான சான்று. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை அம்மாநிலம் நடைமுறைப்படுத்த முனைந்தபோது, மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரும் உற்பத்தியாளர்கள் 1968இல் மலபாரில் இருந்த தங்கள் கிளைகளை மூடினார்கள். பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். மாநில அரசின் உதவியோடு அவர்கள் 1969இல் தொடங்கிய கூட்டுறவுதான் தினேஷ் பீடி. அங்கே தொழிலாளர்கள் பொதுக் கூடங்களில் அமர்ந்து, ஒருவர் நாளிதழைப் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றினார்கள். புகைப்பவர்கள் குறைந்து தொழில் சுருங்கியபோது, அந்தக் கூட்டுறவு உணவுப் பொருள், குடை என்று வேறு தொழில்களுக்கு நகர்ந்தது. அதே இலை, அதே தூள், அதே கைவேலை. கூட்டி வைப்பவர் யார் என்பது மாறியதும் எல்லாம் மாறியது.

ஒரே பெயர், வெவ்வேறு நோய்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். பெயரில் என்ன இருக்கிறது, நலத்திட்டம் கிடைத்தால் போதாதா என்று கேட்கலாம். பெயரை வைத்துத்தான் மருந்து எழுதப்படுகிறது என்பதே என் விடை.

பத்தமடையில் பாய் நெய்யும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோரையைத் தானே வாங்கி, ஊறவைத்து, கிழித்து, சாயமேற்றி, பருத்தி நூல் பாவில் நெய்து, தானே விற்கிறார் என்றால் அவர் உண்மையிலேயே சிறு உற்பத்தியாளர். அவருக்குத் தேவை எளிய கடன், நல்ல கோரை, நேர்மையான சந்தை. அவருடைய பாய்க்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு அவரது கைக்கே பயன்தர வேண்டும்.

வீரவநல்லூர் நெசவாளர் வீட்டிலேயே தறி போட்டிருந்தாலும் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினராக இருந்தால், சங்கம் நூல் கொடுத்துக் கூலி தருகிறது. இவர் சிதறியும் இருக்கிறார், அமைப்புக்குள்ளும் இருக்கிறார். இவருக்குத் தேவை சங்கம் ஒழுங்காக நடப்பதும், நெய்த துணி தேங்காமல் விற்பதும்.

முக்கூடல் பீடித் தொழிலாளிக்கு இவை இரண்டும் பொருந்தா. அவருக்குச் சொந்தச் சரக்கும் இல்லை, விற்கும் உரிமையும் இல்லை. தொழில் முனைவோருக்கான கடன் கொடுத்தால் அவர் அதை வைத்து என்ன செய்வார்? அவருக்குத் தேவை குறைந்தபட்சக் கூலி, நேர்மையான எடை, கழிப்புக்கு வரம்பு, அவருடைய பெயரிலேயே வருகைப் பதிவு, தவறாத வைப்புநிதி. அதாவது, ஒரு முதலாளியின் பொறுப்பு. மூவரையும் அமைப்புசாராத் தொழிலாளர் என்று ஒரே பட்டியலில் எழுதும்போது, மூன்றாமவருக்கு ஒரு முதலாளி இருக்கிறார் என்ற செய்தி மெல்ல அழிந்துவிடுகிறது. உரிமை என்று கேட்க வேண்டியது உதவி என்று மாறிவிடுகிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. மத்திய அரசு 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கென்று சட்டங்கள் இயற்றி, உற்பத்தியாகும் பீடியின் மீதே ஒரு சிறு தீர்வை விதித்தது. மருத்துவமனை, கல்வி உதவித்தொகை, வீட்டு வசதி ஆகியவை அந்த நிதியிலிருந்து வந்தன. முக்கூடலில் உள்ள பீடித் தொழிலாளர் மருத்துவமனை அவ்வகையைச் சேர்ந்தது. சுற்றப்பட்ட பீடிக்கும் சுற்றியவரின் நலனுக்கும் இடையே அத்தீர்வை ஒரு நேரடிக் கயிறாக இருந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது தீர்வை நீக்கப்பட்டது. திட்டங்கள் அரசின் பொது நிதியிலிருந்து தொடர்கின்றன. ஆனால் அந்தக் கயிறு அறுந்துவிட்டது.

வைப்புநிதியிலும் இத்தகைய கயிறு அறுவதைப் பார்க்கிறோம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுத் தகுதிப் பணி வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் ஆயிரம் ரூபாய். இருபது, முப்பது ஆண்டுகள் பீடி சுற்றிய ஒருவர், தன் பெயரில் அட்டை இல்லாமல் மாமியார் பெயரிலோ அக்காள் பெயரிலோ சுற்றியிருந்தால், ஏட்டின்படி அவர் ஒரு நாளும் உழைக்கவில்லை. ஆயிரம் ரூபாய் சிறு தொகை என்று நமக்குத் தோன்றலாம். கண்பார்வை மங்கி, விரல் மரத்துப்போன பின் ஒரு மூதாட்டிக்கு அது யார் கையையும் எதிர்பாராமல் மருந்து வாங்கும் பணம்.

பூட்டுத் தொங்காத மூடல்

பீடி உடலுக்குக் கேடு. அதைச் சுற்றுபவரும் நாள் முழுதும் தூளைச் சுவாசிக்கிறார். புகைப்பவர் தொகை குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால், உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2004இல் ஏற்புறுதி செய்த நாடு நம்முடையது. புகையிலையை நம்பி வாழ்பவர்களுக்குப் பொருளாதார அளவில் நிலைக்கக்கூடிய மாற்றுத் தொழிலை ஊக்குவிக்க வேண்டும் என்பதும் அந்த உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு. ஏறத்தாழ 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள் இருப்பதாக மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே கணக்கிட்டிருக்கிறது.

ஒரு நூற்பாலை மூடப்பட்டால் கதவில் பூட்டுத் தொங்கும்; வாயிலில் கூட்டம் கூடும்; செய்தியாளர்கள் வருவார்கள்; பேச்சுவார்த்தை நடக்கும். பீடித் தொழில் மூடப்படும்போது பூட்டுத் தொங்க ஒரு கதவு கிடையாது. வாரத்தில் ஆறு நாள் கிடைத்த இலை நான்கு நாளாகும், பின் மூன்று நாளாகும். ஆயிரம் பீடிக்குக் கொடுத்த இலை எழுநூறுக்குத்தான் வரும். யாரும் வேலைநீக்கம் செய்யப்படவில்லை. ஆனால் வேலை இல்லை. இழப்பீடும் இல்லை, மறுபயிற்சியும் இல்லை. சிதறலின் கடைசி ஆதாயம் இது: ஓசையில்லாமல் கைவிட முடிகிறது.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டமும் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 2008ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் அமைப்புசாராத் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வைக்கிறது. செயலி வழியே வேலை பெறுவோரை, மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே பணியாற்றுவோர் என்ற வகையில் தனியாகக் குறிப்பிடுகிறது. பாளையங்கோட்டைச் சாலைகளில் உணவுப் பையைச் சுமந்து விரையும் இளைஞரைப் பாருங்கள். எந்தத் தெருவில், எத்தனை நிமிடத்தில் என்பதைக் கைப்பேசி சொல்கிறது. வாடிக்கையாளர் தரும் நட்சத்திரம் அவருக்கு நாளை வேலை உண்டா என்று தீர்மானிக்கிறது. பீடிக்கடையின் கழிப்பு மேசை இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. தாயைச் சிதற வைத்த அதே முறை மகனையும் சிதற வைக்கிறது. பெயர் மட்டும் புதிது.

மூன்று கேள்விகள்

பழகிப்போன சொல்லை ஒரே நாளில் அகராதியிலிருந்து நீக்க முடியாது. நீக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். சரக்கைத் தருவது யார்? கூலியை முடிவு செய்வது யார்? தரம் பார்த்துத் தள்ளுவது யார்? மூன்றுக்கும் விடை உழைப்பவரே என்றால், அவர் சிறு உற்பத்தியாளர். அவருக்குக் கடனும் சந்தையும் கொடுப்போம். மூன்றுக்கும் விடை வேறொருவர் என்றால், அங்கே அமைப்பு இருக்கிறது, முதலாளியும் இருக்கிறார். அவரை ஏட்டில் எழுதுவது அரசின் கடமை.

இதை நடைமுறையில் செய்வதும் கடினமில்லை. அரசு தரும் அடையாள அட்டையில் தொழிலின் பெயரோடு, யாருடைய முத்திரைக்காக அந்தத் தொழிலாளர் உழைக்கிறார் என்பதும் எழுதப்பட வேண்டும். எடைபோட்டுக் கொடுத்த இலையும், கழித்த பீடியும், எழுதிய கூலியும் அவர் கையிலுள்ள புத்தகத்தில் அன்றன்றே பதிவாக வேண்டும். இலை குறைக்கப்படும் காலத்தை வேலையிழப்பாகக் கணக்கிட்டு, மாற்றுத் தொழிலுக்கான பயிற்சியையும் உதவித்தொகையையும் அப்போதே தொடங்க வேண்டும். அந்தச் செலவில் முத்திரையின் உரிமையாளருக்கும் பங்கு வேண்டும்.

பணி ஓய்வுக்கு முந்தைய சில ஆண்டுகளில் அந்தப் பாடத்தை நடத்தும்போது கரும்பலகையின் நடுவே கோடு கிழிப்பதை நான் நிறுத்திவிட்டேன். வலப்பக்கத்தில் இருந்த ஒவ்வொரு தொழிலையும் எழுதி, அதிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டு, அது யாரிடம் போய் முடிகிறது என்று மாணவர்களையே சொல்லச் செய்தேன். பீடி என்று எழுதியதும் வகுப்பில் பாதிப் பேர் கை உயர்த்துவார்கள். அவர்களுக்கு அந்த அம்புக்குறியின் முனை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. பாடநூலுக்குத்தான் தெரியவில்லை.